டெலவேர்ல தூண்டில் போடணுமா? லைசென்ஸ், ஃபின் நம்பர், அளவு, இடம் எல்லாம் ஒரே இடத்துல

வில்மிங்டன், நியூவார்க், மிடில்டவுன் பக்கம் புதுசா வேலைக்கு வந்து செட்டில் ஆகுற நம்ம ஆளுங்க கிட்ட முதல் கோடைல ஒரு ஆசை வரும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினா கடல், நடுவுல எங்க பாத்தாலும் குளம், ஆறு, அப்புறம் நாம ஏன் ஃப்ரோசன் மீன் வாங்கிச் சாப்பிடணும்னு. நியாயமான ஆசைதான். ஆனா ரூல்ஸ் என்னன்னு தேட ஆரம்பிச்சா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கத்துல கிடக்கும், கடைல கேட்டா ஒருத்தர் ஒண்ணு சொல்வாரு, பக்கத்துல நின்னு தூண்டில் போடுற ஆளு இன்னொண்ணு சொல்வாரு. நான் அப்படி அலைஞ்சு சேத்ததை வரிசையா எழுதிருக்கேன். லைசென்ஸ் வாங்குறது பத்து நிமிஷ வேலை, காசும் கம்மி. மாட்டிக்கிறது எல்லாம் அதுக்கு அப்புறம்தான்: மீன் அளவு, நண்டு, யாருக்கு விலக்கு யாருக்கு இல்ல, எந்த மாநிலத் தண்ணில நிக்கிறோம், இதுலதான்.

1. யார் யாருக்கு லைசென்ஸ் வேணும்னு முதல்ல எண்ணுங்க

16 வயசு ஆயிடுச்சுன்னா லைசென்ஸ் வேணும். குளமா இருந்தாலும் சரி, ஆறா இருந்தாலும் சரி, கடலா இருந்தாலும் சரி. நியூ ஜெர்சில இருந்து வந்தவங்க இங்கதான் குழம்புவாங்க, அங்க உப்புத்தண்ணிக்கு ஃப்ரீயா ரெஜிஸ்டர் பண்ணா போதும், காசு கிடையாது. டெலவேர்ல எல்லாத்துக்கும் ஒரே ஜெனரல் ஃபிஷிங் லைசென்ஸ்.

ரொம்ப முக்கியமான விஷயம், நண்டு பிடிக்கவும் மட்டி பொறுக்கவும் இதே லைசென்ஸ் வேணும். "நான் தூண்டிலே கொண்டு வரலையே, கயித்துல கோழிக்கழுத்தைக் கட்டித்தானே போடுறேன்"னு சொன்னா செல்லாது. குடும்பத்தோட போய் ஆளுக்கு ஒரு கயிறு பிடிச்சு உக்காந்தா, 16 வயசுக்கு மேல உள்ள அத்தனை பேருக்கும் லைசென்ஸ் இருக்கணும். ஒருத்தர் வாங்கிட்டு நாலு பேர் பிடிக்கிற கதை கிடையாது.

அடுத்தது ஊர்ல இருந்து வர்ற அப்பா அம்மா. டெலவேர்ல 65 வயசு ஆனவங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு எங்கயாவது படிச்சிருப்பீங்க, அது உண்மைதான், ஆனா டெலவேர் ரெசிடென்ட்டுக்கு மட்டும். விசிட்டர் விசால வந்திருக்கிற 70 வயசு அப்பா ரெசிடென்ட் கிடையாது, அவருக்கு நான்-ரெசிடென்ட் லைசென்ஸ் வாங்கணும். ஆறு மாசம் தங்குறாரே, நம்ம வீட்டு அட்ரஸ்தானேன்னு ரெசிடென்ட்னு டிக் பண்ணிடாதீங்க. ஒரு வாரம் மட்டும் கடற்கரைல ரூம் போட்டுத் தங்கப் போறீங்கன்னா 7 நாள் லைசென்ஸ் இருக்கு. கோடை முழுக்க கூட்டிட்டுப் போறதா இருந்தா வருஷ லைசென்ஸே வாங்கிடுங்க, வித்தியாசம் பெருசா இல்ல.

லைசென்ஸே இல்லாம அப்பாவைக் கூட்டிட்டுப் போக ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஜூன் மாசம் முதல் முழு வீக்கெண்ட், சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஃப்ரீ ஃபிஷிங் டேஸ், யாருக்கும் லைசென்ஸ் தேவையில்ல (அளவு, எண்ணிக்கை ரூல்ஸ் மட்டும் அப்படியேதான் இருக்கும்). இன்னொண்ணு ஹெட் போட், அதாவது தலைக்கு இவ்வளவுன்னு காசு வாங்கி நிறைய பேரை ஏத்திட்டுப் போற படகு. அந்தப் படகுக்கே லைசென்ஸ் இருக்கும், ஏறுறவங்களுக்குத் தனியா வேண்டாம். லூயிஸ், பவர்ஸ் பீச், இந்தியன் ரிவர் மரீனா இங்கெல்லாம் இருந்து கிளம்பும். தூண்டில் வாடகைக்குக் குடுப்பாங்க, இரை குடுப்பாங்க, கொக்கில இருந்து மீனைக் கழட்டிக்கூட குடுப்பாங்க. வயசானவங்களுக்கு மணல்ல நடக்குறதை விட இது சுலபம், ஆனா அலை இருக்கிற நாள்ல வாந்தி கேரண்டி, மாத்திரையை முன்னாடியே போட்டுக்கோங்க.

2. எவ்வளவு காசு, எங்க வாங்குறது

நான் வாங்கினப்போ இருந்த கட்டணம்: ரெசிடென்ட் வருஷத்துக்கு 8.50 டாலர், நான்-ரெசிடென்ட் 20 டாலர், நான்-ரெசிடென்ட் 7 நாளுக்கு 12.50. வாங்குற அன்னைக்கு ஸ்க்ரீன்ல என்ன காட்டுதோ அதுதான் கணக்கு.

மாநில இயற்கை வளத்துறை, எல்லாரும் டிஎன்ஆர்இசின்னு சொல்றது, அவங்களோட ஆன்லைன் போர்ட்டல்ல அக்கவுன்ட் திறந்து வாங்கலாம். பெரிய ஸ்போர்ட்ஸ் கடை, இரை விக்கிற கடை, சில ஹார்ட்வேர் கடைலயும் ஏஜென்ட் இருப்பாங்க. முதல் தடவை நான் கடைலதான் கேட்டேன், கவுன்டர்ல இருந்த பையன் ஹன்டிங் லைசென்ஸும் சேத்து எடுத்தாதான் தருவேங்கிற மாதிரி பேசினான், அதெல்லாம் ஒண்ணும் கிடையாது, தூண்டில் போட ஃபிஷிங் லைசென்ஸ் மட்டும் போதும். கடைல எந்த லைசென்ஸ், எந்த வருஷம்னு பேப்பர்ல படிச்சுப் பாத்துட்டு காசு குடுங்க.

கைல என்ன வேணும்னா, டெலவேர் டிரைவர் லைசென்ஸ் இல்லன்னா ஸ்டேட் ஐடி. புதுசா குடி வந்து இன்னும் பழைய மாநில லைசென்ஸை வெச்சிருந்தீங்கன்னா முதல்ல டிஎம்வி போய் அதை மாத்துங்க. எப்படியும் குடி வந்து 60 நாளுக்குள்ள மாத்தியே ஆகணும். அது மாறினா ரெசிடென்ட் கட்டணம்தான்.

எப்போ வாங்குறீங்கன்னும் பாருங்க. இந்த லைசென்ஸ் ஜனவரி 1ல இருந்து டிசம்பர் 31 வரைக்கும்தான், வாங்கின தேதில இருந்து ஒரு வருஷம் கிடையாது. அக்டோபர்ல வாங்கினாலும் அதே காசுதான், டிசம்பரோட முடிஞ்சிடும். அதே மாதிரி போன வருஷ லைசென்ஸ் பர்ஸ்ல இருக்குன்னு நெனச்சுட்டு மார்ச்ல பெர்ச் மீன் பிடிக்கப் போய் நிக்காதீங்க. வாங்கினதும் போன்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட், கார் க்ளவ் பாக்ஸ்ல ஒரு பிரின்ட். கீழ கடற்கரைப் பக்கம் சில இடத்துல சிக்னலே வராது.

சொந்தப் படகு இருக்கிறவங்களுக்கு படகுக்கே ஒரு ஃபிஷிங் லைசென்ஸ் இருக்கு, அது வாங்கினா படகுல ஏறுற எல்லாருக்கும் சேத்து ஆயிடும், நீளத்தைப் பொறுத்து கட்டணம். புதுசா வந்தவங்க யாரும் உடனே படகு வாங்க மாட்டீங்க, அதனால அதை இத்தோட விடுறேன்.

3. ஃபின் நம்பர்னு ஒண்ணு இருக்கு, விட்டுடாதீங்க

ஃபிஷர்மேன் இன்ஃபர்மேஷன் நெட்வொர்க், சுருக்கமா ஃபின், அதாவது தூண்டில் போடுறவங்களைப் பதிவு பண்ணிக் குடுக்கிற நம்பர். காசு கிடையாது. லைசென்ஸ் வாங்கும்போதே பெரும்பாலும் கூடவே வந்துடும், பேப்பர்ல இருக்கான்னு பாருங்க. ஃபின் தனியா எடுக்க வேண்டியவங்க யாருன்னா லைசென்ஸ் விலக்கு உள்ளவங்கதான்: உதாரணத்துக்கு இங்கயே சிட்டிசனோ கிரீன் கார்டோ ஆகி டெலவேர்லயே குடியிருக்கிற 65 தாண்டின பெரியவங்க. லைசென்ஸ் வேண்டாம், ஃபின் வேணும். வருஷா வருஷம் புதுசா எடுக்கணும். "எனக்குத்தான் எதுவும் தேவையில்லயே"ன்னு மாமா தூண்டிலோட கிளம்புறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ரெண்டு நிமிஷத்துல எடுத்துக் குடுத்துடுங்க.

4. ட்ரவுட் ஆசை இருந்தா தனி ஸ்டாம்ப்

மேல நியூ காசில் கவுன்டில வைட் கிளே க்ரீக், பைக் க்ரீக், மில் க்ரீக், பீவர் ரன் மாதிரி ஓடைகள்ல வசந்த காலத்துல ட்ரவுட் மீனை வளத்துக் கொண்டு வந்து விடுவாங்க. அந்த சீசன்ல அந்த ஓடைகள்ல தூண்டில் போட ட்ரவுட் ஸ்டாம்ப்னு தனியா ஒரு அனுமதி வேணும், ரெசிடென்ட் பெரியவங்களுக்கு 4.20 டாலர்னு இருந்தது, 12 முதல் 15 வயசுப் பசங்களுக்கும் குறைஞ்ச விலைல ஒண்ணு உண்டு. பசங்களுக்கு லைசென்ஸ் வேண்டாம்தான், ஸ்டாம்ப் வேணும், இதைப் பலபேர் கவனிக்கிறதில்ல. ஏப்ரல் முதல் சனிக்கிழமை 16 வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்கு, மறுநாள் ஞாயிறுல இருந்து எல்லாருக்கும். முதல் நாள் ஓடைக்கரைல தோளோட தோள் உரசி நிப்பாங்க. என்னைக் கேட்டா ஒரு வாரம் கழிச்சு வார நாள்ல சாயந்தரம் போங்க.

5. எந்த மாநிலத் தண்ணின்னு பாருங்க

டெலவேர் எவ்வளவு சின்ன மாநிலம்னா, கொஞ்சம் அசந்தா பார்டர் தாண்டிடுவீங்க. ஃபென்விக் ஐலண்ட்ல ரெண்டு பிளாக் தெக்கே நடந்தா மேரிலாண்டோட ஓஷன் சிட்டி, அங்க மேரிலாண்ட் லைசென்ஸ் வேணும். நியூவார்க்ல வைட் கிளே க்ரீக் ஓரமா வடக்கே நடந்துட்டே போனா பென்சில்வேனியா வந்துடும், அங்க அவங்க லைசென்ஸ். போன்ல மேப்பைத் திறந்து நீலப்புள்ளி கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துட்டு தூண்டில் போடுங்க.

6. அளவு, எண்ணிக்கை: மாட்டுற இடம் இதுதான்

செக் பண்ண வர்ற ஆபீசர்கள் நேச்சுரல் ரிசோர்சஸ் போலீஸ், யூனிஃபார்ம்லயும் வருவாங்க, சாதாரணமா நடந்து வந்து "என்ன கிடைச்சுது"ன்னும் கேப்பாங்க. லைசென்ஸைப் பாத்துட்டு அடுத்து ஐஸ்பாக்ஸைத் திறக்கச் சொல்வாங்க, கைல அளக்குற பலகை இருக்கும். ஒரு இன்ச் கம்மின்னாலும் ஃபைன்தான், "எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்றதை அவங்க காலைல இருந்து நூறு தடவை கேட்டிருப்பாங்க.

நான் கடைசியா பாத்தப்போ இருந்த அளவுகள் கீழ. இது வருஷா வருஷம், சில சமயம் சீசன் நடுவுலயே மாறும், அதனால ஒவ்வொரு ஜனவரிக்கும் ஒரு தடவை, மே மாசம் ஒரு தடவை டிஎன்ஆர்இசி பக்கத்துல சரி பாருங்க. பழைய ஆளுங்க மனப்பாடமா சொல்ற அளவை நம்பவே நம்பாதீங்க, அவங்க அஞ்சு வருஷத்துக்கு முந்தின ரூலைச் சொல்வாங்க.

ஸ்ட்ரைப்டு பாஸ், இங்க ராக்ஃபிஷ்னு சொல்வாங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு, 28 இன்ச்ல இருந்து 31 இன்ச்சுக்குள்ள இருக்கணும். அதாவது பெரிய மீன் மாட்டினாலும் விட்டுடணும், நம்ம ஆளுங்களுக்கு இது மனசு ஒப்பவே ஒப்பாது, 38 இன்ச் மீனைக் கைல பிடிச்சு போட்டோ எடுத்துட்டு தண்ணில விடுறதைப் பாத்து என் மச்சான் ரெண்டு நாள் பேசல. ஜூலை, ஆகஸ்ட்ல மட்டும் டெலவேர் பே (விரிகுடா), டெலவேர் ரிவர், அதுல கலக்குற ஆறுகள்ல 20ல இருந்து 24 இன்ச் வரைக்கும் உள்ளதை வெச்சுக்கலாம். ஏப்ரல் 1ல இருந்து மே 31 வரைக்கும் முட்டையிடுற இடங்கள்ல பிடிச்சா விட்டுடணும். நிஜ இரை போடுறதா இருந்தா சர்க்கிள் ஹூக், அதாவது நுனி உள்பக்கமா வளைஞ்ச முள்ளு கட்டாயம், சாதாரண ஜே வடிவ முள்ளு கூடாது. சர்க்கிள் ஹூக்ல நம்மூர் மாதிரி சுண்டி இழுக்கக் கூடாது, மீன் அதுவா இழுத்துட்டுப் போகும்போது மெதுவா சுத்தினா வாயோரத்துல மாட்டும்.

ஃப்ளவுண்டர், தட்டையா எருமை நாக்கு மீன் வகையறா மாதிரி இருக்கும். நாலு மீன். மே கடைசி வரைக்கும் 16 இன்ச், ஜூன் 1ல இருந்து 17.5 இன்ச். மே மாசம் 16 இன்ச்ல வீட்டுக்குக் கொண்டு போனோமேன்னு ஜூன்ல அதே அளவுல வெச்சா ஃபைன். அரை இன்ச் குறைவா நிறைய மாட்டும், பொறுமை வேணும்.

ஸ்பாட், க்ரோக்கர் ரெண்டும் நம்ம குழம்புக்கு ஏத்த மீன். க்ரோக்கர் நம்மூர் கத்தாழை மீன் ஜாதி, வெளிய எடுத்தா கொறகொறன்னு சத்தம் போடும். ஒவ்வொண்ணுலயும் ஒரு நாளைக்கு 50 வரைக்கும், க்ரோக்கர் 8 இன்ச்சாவது இருக்கணும். ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: ராக்ஃபிஷ் கனவையெல்லாம் ஓரமா வெச்சுட்டு ஆகஸ்ட்ல ஸ்பாட் பிடிக்கப் போங்க. சின்ன முள்ளு, சின்ன இரை, பசங்க கூட பிடிச்சுடுவாங்க, மஞ்சள் மிளகாத்தூள் தடவி முழுசா வறுக்கலாம். வீக்ஃபிஷ்தான் மாநில மீனே, ஆனா இப்போ ரொம்பக் கொறஞ்சு போச்சு, ஒண்ணே ஒண்ணுதான் வெச்சுக்கலாம், 13 இன்ச்.

கடற்கரைல சுறா மாட்டும், அதுவும் ராத்திரில. சாண்ட்பார், சாண்ட் டைகர் ரெண்டும் வெச்சுக்கவே கூடாத ஜாதி, தண்ணில இருந்து வெளியவே இழுக்காம கயித்தை வெட்டி விட்டுடணும். சுறாப்புட்டு நெனப்புல மணல்ல இழுத்துப் போட்டு போட்டோ எடுத்தீங்கன்னா அந்த போட்டோவே சாட்சி.

குளத்துல நம்ம விரால் மாதிரியே ஒண்ணு மாட்டும், மாதிரி என்ன, அதோட பங்காளிதான்: நார்தர்ன் ஸ்நேக்ஹெட். இங்க அது வந்தேறி மீன், உயிரோட வெச்சுக்கிறதோ கொண்டு போறதோ சட்டப்படி தப்பு. பக்கெட்ல தண்ணி ஊத்தி உயிரோட வீட்டுக்குக் கொண்டு வர்ற பழக்கம் நமக்கு உண்டு பாருங்க, விராலை அப்படித்தானே வாங்கிட்டு வருவோம், அது இங்க வேண்டாம். அங்கயே கொன்னு ஐஸ்ல போடுங்க. திரும்பத் தண்ணில விடச் சொல்லி யாரும் கேக்க மாட்டாங்க, சந்தோஷமா குழம்பு வைக்கலாம்.

அளக்குறதைப் பத்தி ஒரு வார்த்தை. மூக்கு நுனில இருந்து வால் நுனி வரைக்கும், மீனைத் தட்டையான இடத்துல வெச்சு அளக்கணும், வளைஞ்ச வயித்து மேல டேப்பை ஓட்டினா அரை இன்ச் கூடக் காட்டும். வீடு வர்ற வரைக்கும் மீனை முழுசா வெச்சிருங்க. அங்கயே தலை, வால் வெட்டிச் சுத்தம் பண்ணிட்டா எவ்வளவு அளவு இருந்துச்சுன்னு நிரூபிக்க வழி இல்ல.

7. நண்டு

நம்ம ஆளுங்கள்ல முக்கால்வாசிப் பேர் இதுக்காகத்தான் வர்றாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் நல்ல காலம். செலவு ஒண்ணுமே இல்ல: கோழிக்கழுத்து ஒரு பாக்கெட், பருத்திக் கயிறு, ஒரு ஈயக்குண்டு, நீளக் கைப்பிடி வலை ஒண்ணு, பக்கெட், இடுக்கி.

கழுத்தைக் கயித்துல இறுக்கக் கட்டி தரைல படுற வரைக்கும் விடுங்க. கயிறு தொய்வா இருக்கிறது மெல்ல விறைச்சு ஒரு பக்கமா நகர ஆரம்பிச்சா நண்டு வந்துடுச்சு. அவசரப்பட்டா விட்டுட்டுப் போயிடும். விரல் விரலா, நகர்றதே தெரியாத மாதிரி மேல இழுங்க, கலங்கின தண்ணில முதல்ல கோழிக்கழுத்து வெளிறித் தெரியும், அப்புறம் அதைப் பிடிச்சிருக்கிற நீலக் கொடுக்கு தெரியும். அந்த நேரத்துல நண்டுக்கு மேல வலையைக் கொண்டு போகாதீங்க, அடில இருந்து, பின்பக்கமா கொண்டு வந்து ஒரே அள்ளு. தண்ணிக்கு வெளிய வந்துட்டா கழுத்தை விட்டுடும், அதனால வலை தண்ணிக்குள்ளயே போகணும். கயிறு பிடிக்க ஒரு ஆள், வலை போட ஒரு ஆள்னு இருந்தா நல்லது, புருஷன் பொண்டாட்டி சண்டை வந்தா நான் பொறுப்பில்ல.

இப்போ ரூல். ஓட்டுல ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருக்கிற கூர் முனைக்கு முனை 5 இன்ச் இருக்கணும். வயித்தைத் திருப்பிப் பாருங்க. நீளமா ஒல்லியா கோடு மாதிரி இருந்தா ஆண். முக்கோணமா இருந்தா இன்னும் வளராத பெண். அகலமா வட்டமா இருந்தா முழுசா வளர்ந்த பெண், இதோட கொடுக்கு நுனி நகப்பாலிஷ் போட்ட மாதிரி செவப்பா இருக்கும். வளர்ந்த பெண் நண்டுக்கு 5 இன்ச் கணக்கு இல்ல. ஆனா வயித்துல ஆரஞ்சு கலர்ல பஞ்சு மாதிரி முட்டை ஒட்டியிருந்தா கட்டாயம் விட்டுடணும். நம்மூர்ல முட்டை நண்டுன்னா தனி விலை, இங்க அது தனி ஃபைன். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு புஷல் வரைக்கும் எடுக்கலாம், அது பெரிய கூடை நிறைய, அவ்வளவு கிடைச்சா எனக்குக் கொஞ்சம் குடுங்க.

கடைல விக்கிற கம்பிக்கூண்டை போட்டுட்டு வர்றதா இருந்தா ஆளுக்கு ரெண்டு கூண்டுதான். வெள்ளை மிதவை, அதுல பேரும் அட்ரஸும் எழுதணும், ஆமை உள்ள போகாத மாதிரி தடுப்பு வைக்கணும், 72 மணி நேரத்துக்குள்ள போய்ப் பாக்கணும். அடுத்தவங்க கூண்டைத் தூக்கிப் பாக்குற ஆசை வரவே கூடாது, அது திருட்டுக் கணக்கு.

மட்டி எடுக்கிறவங்களுக்கு: ரெசிடென்ட் ஒரு நாளைக்கு 100, நான்-ரெசிடென்ட் 50, ஒன்றரை இன்ச் இருக்கணும். எந்தப் பகுதி திறந்திருக்கு, எது மூடியிருக்குன்னு டிஎன்ஆர்இசி மேப் இருக்கு, அதைப் பாக்காம எடுத்துச் சாப்பிடாதீங்க, இது ஃபைன் விஷயம் கிடையாது, வயித்து விஷயம்.

மே, ஜூன்ல பே கரைல குதிரைலாட நண்டு ஆயிரக்கணக்குல ஏறி வரும். அதைத் தொட்டு எடுத்துட்டு வரக் கூடாது. மல்லாந்து கிடந்தா வாலைப் பிடிக்காம ஓட்டோரத்தைப் பிடிச்சு திருப்பி விட்டுட்டு வாங்க, பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

8. எங்க போகலாம்

வீட்டுக்குப் பக்கத்துல, பசங்களோட, ரெண்டு மணி நேரம்னா: லம்ஸ் பாண்ட் ஸ்டேட் பார்க். மாநிலத்துலயே பெரிய நன்னீர்க் குளம், பாத்ரூம், நிழல், பிக்னிக் டேபிள் எல்லாம் இருக்கு. மண்புழு போட்டா ப்ளூகில் மாட்டிட்டே இருக்கும். பெக்ஸ் பாண்ட் சின்னது, கூட்டம் கம்மி. டோவர் பக்கம் சில்வர் லேக், ஃபெல்டன்கிட்ட கில்லன்ஸ் பாண்ட். தெக்கே லாரல் பக்கம் ட்ராப் பாண்ட், தண்ணிக்குள்ள சைப்ரஸ் மரமா நிக்கும், மீன் கிடைக்கலைன்னாலும் போனது வீண் இல்ல.

ஆத்துல கெளுத்தி, பெர்ச் வேணும்னா: நியூ காசில் பேட்டரி பார்க், அகஸ்டின் பீச், வுட்லேண்ட் பீச். வுட்லேண்ட் பீச்சுக்குப் போற ரோடு சதுப்பு நிலத்து நடுவுல போகும், ஏத்தம் அதிகமான நாள்ல ரோட்டு மேலயே உப்புத்தண்ணி வந்து நிக்கும். டைட் டேபிள் (கடல் ஏத்த இறக்க நேரப் பட்டியல்) பாக்காம போனீங்கன்னா போக முடியாது, போயிட்டா திரும்ப முடியாது. ஜூலைல அங்க கிரீன்ஹெட்னு ஒரு ஈ, கடிச்சா ரத்தம் வரும், முழுக்கை சட்டை போட்டாலும் துணி மேலயே கடிக்கும். ஜூலைல அந்தப் பக்கமே வேண்டாம்னு சொல்வேன்.

கடல்னா இந்தியன் ரிவர் இன்லெட். பெரிய பாலத்துக்கு ரெண்டு பக்கமும் கல்லுக்கரை, நடந்தே போகலாம், ஃப்ளவுண்டர், ப்ளூஃபிஷ், ராக்ஃபிஷ், டாடாக் எல்லாம் வர்ற இடம். ஆனா தண்ணி ஆத்து வெள்ளம் மாதிரி ஓடும், 3 அவுன்ஸ் குண்டும் நிக்காது, கல்லு பூரா பாசி. சாதா செருப்போட அந்தக் கல்லுல ஏறாதீங்க, குழந்தைங்களை கம்பி போட்ட நடைபாதைலயே நிறுத்திக்கோங்க. ஓட்டம் நின்னு திரும்புற அந்த அரை மணி, முக்கா மணி நேரம்தான் புதுசா வர்றவங்களுக்கு வசதி, அதைக் கணக்குப் பண்ணி முன்னாடியே போய் நில்லுங்க.

நண்டுக்கு: ஹோல்ட்ஸ் லேண்டிங் ஸ்டேட் பார்க்ல நண்டு பிடிக்கவே ஒரு பாலம் கட்டி விட்டிருக்காங்க, குடும்பத்தோட போக இதுதான் முதல் சாய்ஸ். மாசீஸ் லேண்டிங் ரெண்டாவது. சனிக்கிழமை எட்டு மணிக்குள்ள போனா ஓரம் கிடைக்கும். லூயிஸ்ல கேப் ஹென்லோப்பன் பார்க் உள்ள இருக்கிற பழைய ஃபிஷிங் பியர் ரொம்பப் பேர்போனது, ஆனா மரமெல்லாம் பழுதாகி மூடுறது உண்டு, திறந்திருக்கான்னு பார்க் பக்கத்துல பாத்துட்டுக் கிளம்புங்க.

மார்ச் 1ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் ஸ்டேட் பார்க் உள்ள போக காருக்குக் கட்டணம். நான் போனப்போ கடற்கரைப் பார்க்குக்கு டெலவேர் நம்பர் பிளேட்னா 5 டாலர், வெளி மாநில பிளேட்னா 10. ஒரு கோடைல நாலஞ்சு தடவைக்கு மேல போவீங்கன்னா வருஷ பாஸ் லாபம். ரூட் 1 டோல் வீக்கெண்ட்ல அதிகமா வரும், வெள்ளி சாயந்தரம் தெக்கே போற டிராஃபிக்ல மாட்டினா ஒன்றரை மணி நேரம் மூணு மணி நேரம் ஆகும். ஒண்ணு விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்புங்க, இல்லன்னா வார நாள்ல லீவு போட்டுட்டுப் போங்க.

9. மணல்ல கார் ஓட்டுறவங்களைப் பாத்து ஆசைப்படாதீங்க

கடற்கரைல வரிசையா ஜீப் நிறுத்தி தூண்டில் போட்டிருப்பாங்க, நம்ம கிட்டயும் ஏடபிள்யூடி (நாலு சக்கரமும் இழுக்கிற) எஸ்யூவி இருக்கேன்னு இறக்கிடாதீங்க. அதுக்கு சர்ஃப் ஃபிஷிங் பர்மிட் வேற, லைசென்ஸ் வேற. வருஷத்துக்கு 17,000 பர்மிட்தான் குடுப்பாங்க, விலையும் லைசென்ஸை விட பல மடங்கு. மண்வெட்டி, ஜாக், அதுக்கு அடில வைக்கப் பலகை, இழுக்கிற கயிறு, டயர் ப்ரெஷர் கேஜ் எல்லாம் கார்ல இருக்கணும், தூண்டில் போட்டுட்டே இருக்கணும், சும்மா குடை விரிச்சுப் படுத்துக்கக் கூடாது. நடந்து போய் மணல்ல நின்னு தூண்டில் போட இந்தப் பர்மிட் தேவையே இல்ல, பார்க் கட்டணமும் லைசென்ஸும் போதும். குளிக்கிற பீச் பகுதில மட்டும் நிக்கக் கூடாது, போர்டு இருக்கும்.

10. பிடிச்சாச்சு, சாப்பிடலாமா?

எல்லாத் தண்ணி மீனும் சாப்பிட லாயக்கு இல்ல. வில்மிங்டன் பக்கம் கிறிஸ்டினா ரிவர், டெலவேர் ரிவரோட மேல் பகுதில பழைய தொழிற்சாலைக் கழிவு, பிசிபி மாதிரி கெமிக்கல் மீன் கொழுப்புல சேந்திருக்கும். எந்த ஆறு, எந்த மீன், எத்தனை தடவை சாப்பிடலாம்னு மாநிலம் பட்டியல் போடுது. கெளுத்தி மாதிரி கொழுப்பு மீன்லதான் அதிகம். கர்ப்பமா இருக்கிறவங்க, சின்னக் குழந்தைங்க இருந்தா பட்டியலைப் பாக்காம சமைக்கவே வேண்டாம். தோலையும் வயித்துக் கொழுப்பையும் எடுத்துட்டா கொஞ்சம் குறையும். தலைக்கறி, ஈரல் எல்லாம் அந்த ஆத்து மீன்ல வேண்டவே வேண்டாம். தெக்கே கடல்ல பிடிக்கிற ஸ்பாட், க்ரோக்கர், ஃப்ளவுண்டருக்கு இவ்வளவு பயம் இல்ல, அதுவும் பட்டியல்ல ஒரு தடவை பாத்துக்கோங்க.

நண்டை உயிரோட, ஈரத்துணி போட்டு மூடி ஐஸ் மேல வெச்சுக் கொண்டு வாங்க. பக்கெட்ல தண்ணி ஊத்தி மூடி வெச்சா காத்து இல்லாம வழிலயே செத்துடும், செத்த நண்டை எடுத்துப் போட்டுடுங்க, குழம்புல சேக்காதீங்க.

அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்களுக்கு: சில மரீனால மீன் வெட்டுற மேடையும் தண்ணிக் குழாயும் இருக்கும், அளவு சரி பாத்த மீனா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி செதில், குடலை மட்டும் அங்கயே எடுத்துட்டு, தலை வால் முழுசா இருக்கட்டும், அப்படியே ஐஸ்ல போட்டுக் கொண்டு வாங்க. வீட்டுலதான் வெட்டணும்னா கழிவை ஜிப்லாக்ல போட்டு ஃப்ரீசர்ல வெச்சு, குப்பை வண்டி வர்ற அன்னைக்குக் காலைல மட்டும் வெளிய எடுங்க. ஆகஸ்ட் வெயில்ல நண்டு ஓடு ரெண்டு நாள் டம்ப்ஸ்டர்ல கிடந்தா லீசிங் ஆபீஸ்ல இருந்து யாருக்குப் போன் வரும்னு சொல்லணுமா என்ன.